குணப் பொருத்தமா? கொள்கைப் பொருத்தமா?

பெரம்பலூர், அரியலூர் பக்கங்களில் நமது இயக்க வேலை செய்து வரும் தோழர்களிடையே சமீப காலமாய் ஒரு பேச்சு அடிபட்டு வருகின்றது. அதாவது, "நாலு பேர் கூடினால் நாலு குணமாய் இருக்கின்றது. ஒருவர் முன்கோபி, ஒருவர் வாயே திறக்காதவர், ஒருவர் எதற்கெடுத்தாலும் கணக்குக் கேட்கிறவர், இன்னொருவர் மேடை ஏறினால் இறங்க மனமில்லாதவர். இப்படிப்பட்டவர்களை வைத்துக் கொண்டு எப்படி ஒரு காரியம் செய்வது? ஒத்த குணமுள்ளவர்களாய்ப் பார்த்து ஐந்தாறு பேரை மாத்திரம் பொறுக்கிக் கொண்டால் வேலை சுலபமாய் நடக்காதா?" என்பதே அந்தப் பேச்சு. இதைச் சொல்லுகிறவர்கள் கெட்ட எண்ணம் உடையவர்கள் அல்லர். வேலை நடக்க வேண்டும் என்ற கவலை உள்ளவர்கள்தான் சொல்லுகிறார்கள். ஆதலால் இதைப்பற்றிச் சற்று விவரமாகவே எழுத வேண்டியதாயிருக்கின்றது.

இப்பேச்சைக் கேட்கும்போது நமக்கு முதலில் ஜோசியன் நினைவுதான் வருகின்றது. பெண்ணுக்கும் பிள்ளைக்கும் பத்துப் பொருத்தம் பார்க்கின்றவன் அதில் கணப் பொருத்தம் என்று ஒன்று வைத்திருக்கின்றான். அசுவினியில் பிறந்தவன் தேவ கணமாம். கார்த்திகையில் பிறந்தவன் ராட்சச கணமாம். பிறந்த நேரத்தில் ஆகாயத்தில் சந்திரன் எந்தப் பக்கம் நின்றது என்பதைக் கொண்டு, இருபத்தைந்து வருஷம் கழித்து அவன் பெண்டாட்டியை அடிப்பானா அணைப்பானா என்று சொல்லிவிடுவானாம்! இதை நம்பாதவர்கள் என்றுதான் நாம் நம்மைச் சொல்லிக் கொள்கின்றோம். அப்படிச் சொல்லிக் கொண்டு, இயக்கத்திற்கு ஆள் சேர்க்கும்போது மாத்திரம் "இவர் குணம் அவர் குணத்தோடு ஒத்துவராது" என்று பொருத்தம் பார்க்க உட்கார்ந்தால், பஞ்சாங்கத்தை மறைத்து வைத்துக் கொண்டு ஜோசியம் சொல்லுகிறோம் என்றுதானே அர்த்தம்?

ஜோசியனாவது ஒரு கலியாணத்தோடு நிறுத்திக் கொள்ளுகின்றான். வருணாசிரமக்காரன் இதே குணக் கதையைச் சொல்லி ஒரு தேசத்தையே கெடுத்தான். நாலு வருணத்தையும் குணத்தையும் கர்மத்தையும் கொண்டு தானே படைத்ததாகக் கீதையில் கண்ணன் சொல்லியிருக்கிறான் அல்லவா? அதைக் காட்டி, "பாருங்கள், பிறவியைச் சொல்லவில்லை, குணத்தைத்தான் சொல்லியிருக்கிறது, சாந்த குணமுடையவன் படிக்கட்டும், வீர குணமுடையவன் ஆளட்டும், சமூகம் ஒரு கூட்டு வேலை, ஆளுக்கொரு பங்கு" என்று இன்றைக்கும் படித்த பார்ப்பனர்களும் அவர்களுக்குப் பின்பாட்டுப் பாடும் நம்மவர்களும் விளக்கம் சொல்லிக் கொண்டு இருக்கிறார்கள். நாம் கேட்பது ஒன்றுதான். குணத்தைக் கொண்டு பங்கு பிரித்தது உண்மையானால், மலம் அள்ளும் குணம் தகப்பனிடமிருந்து மகனுக்கும் மகனிடமிருந்து பேரனுக்கும் தவறாமல் வந்தது எப்படி? மணியாட்டும் குணம் ஒரே தெருவில் மாத்திரம் விளைந்தது எப்படி? ஜாதியானது வேலையைப் பங்கு போடவில்லை, வேலை செய்கின்ற மக்களையே கூறு போட்டுவிட்டது என்பதை அண்ணல் அம்பேத்கர் 1936-ல் விளக்கமாய் எழுதினார். அதை 'ஜாதியை ஒழிக்க வழி' என்று தமிழில் போட்டு ஊரெல்லாம் பரப்பியது குடிஅரசு. அதைப் படித்துவிட்டு வந்த நாம் மனிதனுக்குக் குணமுத்திரை குத்துவதில் ரொம்பவும் ஜாக்கிரதையாய் இருக்க வேண்டாமா?

இப்போது பெரிய கம்பெனிகளில் புதுமாதிரியான ஒரு ஜாதகம் வந்திருக்கின்றது. நூறு கேள்விக்குக் கிட்டக் கேட்டு, நாலு இங்கிலீஷ் எழுத்தை நெற்றியில் ஒட்டி, பதினாறு விதத்தில் நீ இன்ன விதம் என்று சொல்லி விடுகிறார்கள். மையர்ஸ் - பிரிக்ஸ் சோதனை என்று பெயர். இதைக் கட்டியவர்கள் அமெரிக்காவில் ஒரு தாயும் மகளும். மனநூல் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் அல்லர். படிக்காதது குற்றம் அல்ல, நாமும் பள்ளிக்கூடத்தை அதிகம் கண்டவர்கள் அல்ல. ஆனால் ஒரே ஆளைச் சில வாரம் கழித்து மறுபடியும் சோதித்தால் பலருக்கு வேறு எழுத்து வந்துவிடுகின்றது என்று மனநூல் ஆராய்ச்சிக்காரர்களே சொல்லியிருக்கிறார்கள். சித்திரையில் ஒரு எடையும் வைகாசியில் ஒரு எடையும் காட்டுகிற தராசை எந்த வெங்காய வியாபாரியாவது கடையில் வைத்துக் கொள்ளுவானா? மனிதன் கூச்சமுள்ளவன், கூச்சமில்லாதவன் என்று இரண்டு சாதியாய் இல்லை. பலரும் நடுவில்தான் இருக்கிறார்கள். இடத்துக்குத் தக்கபடி கூடவும் குறையவும் செய்கிறார்கள். மாமியார் முன் வாய் திறக்காத மருமகள் வயற்காட்டில் நடவு நடும்போது எப்படிப் பேசுகிறாள் என்பதைக் கேட்டவர்களுக்கு இது தெரியும்.

நிற்க. "அப்படியானால் எல்லோரும் ஒரே மாதிரி என்கிறீரா?" என்று கேட்கலாம். அப்படிச் சொல்லவில்லை. மனிதருக்குள் வித்தியாசம் உண்டு. உண்டு என்பதோடு, அது இல்லாவிட்டால் நமது வேலை ஒரு நாளும் நடவாது என்பதுதான் நமது வாதம்.

நமது 'மந்திரமா? தந்திரமா?' நிகழ்ச்சியையே எடுத்துக் கொள்ளுங்கள். குன்னத்திலோ செந்துறையிலோ தா.பழூரிலோ ஒரு சந்தைத் திடலில் அதை நடத்துகிறோம். வெறுங்கையில் விபூதி வரவழைப்பதும், நாக்கில் சூடம் கொளுத்துவதும், அலகு குத்திக் கொண்டு கார் இழுப்பதும் ஜனங்களுக்குத் தெரியும். அதற்குப் பின்னால் என்னென்ன ஆள் வேண்டியிருக்கிறது என்பது நமக்குத்தான் தெரியும். வித்தை காட்டுகிறவர் கை பதறாதவராய் இருக்க வேண்டும். அவர் பெரும்பாலும் பேச்சு வராதவராய் இருப்பார். வித்தையின் சூட்சுமத்தைப் பிட்டு வைக்கிறவர் கூட்டத்தைச் சிரிக்க வைக்கத் தெரிந்தவராய் இருக்க வேண்டும். அவர் பெரும்பாலும் எந்தச் சாமானையும் ஒழுங்காய் வைக்கத் தெரியாதவராய் இருப்பார். போலீசில் அனுமதி வாங்க, கோபம் வராத ஒருவர் வேண்டும். சாமி ஆடிக் கொண்டு யாராவது பாய்ந்து வந்தால் எதிரே போய் நிற்பதற்குக் கொஞ்சம் கோபம் உள்ள ஒருவர் வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு மைக்கை நிறுத்தியாக வேண்டும் என்று பேச்சாளரின் சட்டையைப் பிடித்து இழுக்கிற, நல்ல பெயருக்கு ஆசைப்படாத ஒருவர் கட்டாயம் வேண்டும். பேச்சாளர்கள் ஐந்து பேரை மாத்திரம் அனுப்பி வைத்தால் என்ன ஆகும்? சூடப் பெட்டியை யாரும் எடுத்து வந்திருக்க மாட்டார்கள். ஐந்து பேரும் பகவானை மறுத்துப் பேசிவிட்டுக் கடைசி பஸ்ஸையும் விட்டுவிடுவார்கள்.

இது நம் ஊர் அநுபவம் மாத்திரம் அல்ல. இங்கிலாந்தில் பெல்பின் என்பவர் ஒரு நிர்வாகக் கல்லூரியில் பல வருஷம் கூட்டங்களைப் போட்டியிட வைத்துப் பார்த்து 1981-ல் ஒரு புத்தகம் எழுதினார். மகா புத்திசாலிகளாய்ப் பொறுக்கிச் சேர்த்த கூட்டங்கள்தான் ஜெயிக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்க, அவை பலமுறை கடைசியில் வந்து நின்றன. ஒவ்வொரு புத்திசாலியும் மற்றவன் வாதத்தில் ஓட்டை கண்டுபிடிப்பதிலேயே நேரத்தைப் போக்கினானாம்! நமது செயற்குழுக் கூட்டம் எதையாவது அவர் வந்து பார்த்திருப்பாரோ என்றுகூடச் சந்தேகமாய் இருக்கின்றது.

நம் காலடியில் கிடக்கும் கல்லும் ஒரு சங்கதி சொல்லுகின்றது. காரை, குளக்காநத்தம் ஓடைகளிலும் அரியலூர்ச் சுரங்கங்களிலும் நத்தை போல் சுருண்ட கல்லைப் பலர் பார்த்திருக்கலாம். சுமார் பத்துக் கோடி வருஷத்துக்கு முன் இந்த இடமெல்லாம் கடலாய் இருந்தபோது வாழ்ந்து செத்த பிராணிகளின் ஓடு அது. (இதே இனத்துப் பிராணியின் கல்தான் நேபாள ஆற்றில் பொறுக்கப்பட்டு, சாளக்கிராமம் என்ற பெயரில் பார்ப்பனர் வீட்டில் தினமும் குளித்துக் கொண்டிருக்கின்றது. காரைக் கல்லுக்கு மாத்திரம் அந்த யோகம் இல்லை!) இந்தச் சீமையின் கல் அடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்றாக வகுத்தவர் பிளான்ஃபோர்டு என்ற வெள்ளைக்காரர். 1857 முதல் 1860 வரை இந்த வெயிலில் ஓடை ஓடையாய் நடந்தவர் அவர். அகப்பட்ட ஓடுகளில் பெரும்பகுதியை ஒவ்வொன்றாய் எடுத்து வைத்து, அளந்து, படம் போட்டு, பெயரிட்டு 1873 வரை தொகுதி தொகுதியாய் எழுதியவர் ஸ்டோலிஸ்கா. அவர் ஆஸ்திரிய ராஜ்யத்திலிருந்து வந்தவர், பிறகு வந்து சேர்ந்தவர். நடப்பவர் ஒருவர், உட்காருபவர் ஒருவர். ஒருவருடைய பொறுமை காலில் இருந்தது, மற்றவருடைய பொறுமை கண்ணில் இருந்தது. இருவரில் ஒருவர் குறைந்திருந்தாலும் அரியலூர் என்ற பெயர் உலகத்துக் கல்நூல் புத்தகங்களில் ஏறியிருக்காது. கல்லை வெட்டிச் சுமந்த நம் ஊர்க் கூலிகளின் பெயர் எந்தத் தொகுதியிலும் இல்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இனி நமது சொந்தச் சரித்திரத்துக்கு வருவோம். 1916 நவம்பர் 20-ந் தேதி சென்னையில் பார்ப்பனரல்லாதார் கூடித் தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைக் கண்டார்கள். இதற்குக் காரணமான மூவரை நினைத்துப் பாருங்கள். பிட்டி தியாகராயர் நெசவுத் தொழிலும் வியாபாரமும் உள்ள செல்வர், பழுத்த பக்திமான், கோயில் காரியங்களுக்குக் கணக்கில்லாமல் கொடுத்தவர். டாக்டர் டி.எம். நாயர் எடின்பரோவில் படித்தவர், வைத்தியப் பத்திரிகை நடத்தியவர், நாக்கும் பேனாவும் ஒரே மாதிரி கூர்மையானவர். இந்த இருவரும் சிநேகிதர்களா? இல்லை. சென்னை மாநகராட்சி மன்றத்தில் ஒருவரையொருவர் எதிர்த்து மல்லுக்கு நின்றவர்கள். ஒருவர் இருக்கும் இடத்தில் மற்றவர் இருப்பாரா என்று ஊரார் சந்தேகப்பட்டவர்கள். இவர்களை ஒரே மேடையில் உட்கார வைத்தவர் மூன்றாவது மனிதர், டாக்டர் சி. நடேசனார். அவர் திருவல்லிக்கேணியில் வைத்தியம் பார்த்துக் கொண்டு, தங்க இடமும் உண்ண உணவும் கிடைக்காத நம் பிள்ளைகளுக்குத் திராவிடர் இல்லம் என்ற விடுதி வைத்தவர். அவர் தியாகராயரைப் போல் பணக்காரரும் அல்ல, நாயரைப் போல் பேச்சாளரும் அல்ல. இவர் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடந்தார். அதுதான் அவர் செய்த பெரிய காரியம்.

அவர் நடந்தபோது தியாகராயரிடம் போய், "நீர் பக்தியை விடும், நாயரைப் போல் ஆகும்" என்று சொல்லவில்லை. நாயரிடம் போய், "உமது நாக்கைச் சுருக்கும்" என்றும் சொல்லவில்லை. உத்தியோகத்திலும் படிப்பிலும் நூற்றுக்கு மூன்று பேரான பார்ப்பனர் பெரும்பங்கை விழுங்கிக் கொண்டிருக்கும்போது நீங்கள் இருவரும் எதைப்பற்றிச் சண்டை போடுகிறீர்கள் என்ற ஒரு விஷயத்தைத்தான் காட்டினார். பிறகு நடந்தது என்ன? தியாகராயர் பேரால் அறிக்கை வெளிவந்தது. 1917 பிப்ரவரியில் தொடங்கிய 'ஜஸ்டிஸ்' பத்திரிகையை நாயர் கையில் கொடுத்தார்கள். அவருடைய கூர்மைக்குத் தகுந்த சாணைக்கல் அதுதான். வாதாடுவதற்காக லண்டன் போன நாயர் 1919 ஜூலையில் அங்கேயே மாண்டார். 1920 தேர்தலில் கட்சி ஜெயித்தபோது முதல் மந்திரி பதவி தியாகராயரைத் தேடி வந்தது. அவர் வேண்டாம் என்று சொல்லிச் சுப்பராயலு ரெட்டியாருக்கு விட்டார். 1921-ல் வகுப்புவாரி உத்தரவு வந்தது. இதெல்லாம் குணப் பொருத்தத்தினால் வந்ததா என்று கேட்கின்றோம்.

அந்தக் கூட்டு எங்கே உடைந்தது என்பதையும் மறைக்காமல் பார்க்க வேண்டும். 1921-ல் பக்கிங்ஹாம் - கர்நாடிக் ஆலை வேலை நிறுத்தத்தில் ஜாதிக்கலகம் மூண்டபோது, ஆதிதிராவிட மக்களுக்குப் பரிந்து நிற்க வேண்டிய ஜஸ்டிஸ் கட்சித் தலைவர்கள், சர்க்கார் அவர்களுக்குச் சலுகை காட்டுகிறது என்று எதிர்த்துப் பேசினார்கள். 1923-ல் எம்.சி. ராஜா அக்கட்சியை விட்டு வெளியேறினார். ராஜாவின் குணம் மற்றவர்களுக்கு ஒத்துவராமல் போய்விட்டது என்றா இதற்குச் சமாதானம் சொல்வது? நாயரும் தியாகராயரும் ஒத்துப் போக முடிந்த இடத்தில் ராஜா ஒத்துப் போக முடியவில்லை என்றால், அங்கே குறுக்கே நின்றது எது என்பது எல்லோருக்கும் தெரியும்.

நமது இயக்கமும் இப்படித்தான். 1925 மே 2-ந் தேதி ஈரோட்டில் குடிஅரசு அலுவலகத்தைத் திறந்து வைத்தவர் யார்? திருப்பாதிரிப்புலியூர் மடத்து ஞானியாரடிகள். ஒரு சைவ மடாதிபதி! 1938-ல் கட்டாய இந்தியை எதிர்த்து ஆகஸ்டு முதல் தேதி திருச்சியிலிருந்து கால்நடையாய்க் கிளம்பி, நாற்பத்திரண்டு நாள் நடந்து செப்டம்பர் 11-ந் தேதி சென்னை சேர்ந்த தமிழர் பெரும்படையில், பட்டாளத்தில் இருந்து பழகிய பட்டுக்கோட்டை அழகிரி இருந்தார். பொட்டுக்கட்டும் கொடுமையை உள்ளிருந்தே கண்டு அதை ஒழிக்கப் புறப்பட்ட ஐம்பத்தைந்து வயது மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் இருந்தார். முன்பு சுயமரியாதைக்காரர்களைக் கடுமையாய்த் தாக்கிய சைவர் மறைமலையடிகள் அந்தக் கிளர்ச்சியில் பெரியாரோடு நின்றார். அவர் திருநீற்றை இவர் துடைக்கச் சொல்லவில்லை, இவர் நாத்திகத்தை அவர் விடச் சொல்லவில்லை. 1940 பிப்ரவரியில் கட்டாய இந்தி உத்தரவு வாபசாயிற்று. அவ்வளவு ஏன்? 1949-ல் பிரிந்து பதினெட்டு வருஷம் எதிரெதிரே நின்றவர்கள் பெரியாரும் அண்ணாவும். 1967-ல் ஆட்சிக்கு வந்த அண்ணா திருச்சிக்கு வந்து பெரியாரைப் பார்த்தார். அந்த வருஷமே சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம் வந்தது. குணம் மாறியா வந்தது?

ஆனால் இதைக் கொண்டு, யார் எப்படி நடந்தாலும் பொறுத்துப் போக வேண்டும் என்று நாம் சொல்வதாய் யாரும் எடுத்துக் கொள்ளக் கூடாது. இங்கேதான் பெரிய புரட்டு ஒன்று நடக்கின்றது. காலனித் தோழர் வீட்டில் கூட்டம் போட்டால் மாத்திரம் வேலை இருக்கிறது என்று சொல்லி வராமல் இருந்துவிடுகிறவரைப் பற்றிக் கேட்டால், "அவர் சுபாவமே அப்படி, கூட்டம் சேரமாட்டார்" என்கிறார்கள். குடித்தெருவில் கூட்டம் போட்டால் அவர் முதல் ஆளாய் வந்து உட்கார்ந்திருக்கிறாரே, அது எந்த சுபாவம்? பெண் தோழர் பேச எழுந்தால் குறுக்கே பேசுகிறவரைக் கேட்டால், "அவர் கொஞ்சம் படபடப்பு" என்கிறார்கள். தாசில்தார் பேசும்போது அந்தப் படபடப்பு எங்கே போய் ஒளிந்து கொள்ளுகின்றது? வசூல் பணத்துக்குக் கணக்குக் காட்டாதவரை, "பாவம், மறதிக்காரர்" என்கிறார்கள். தனக்கு வரவேண்டிய பாக்கியை அவர் ஒரு நாளாவது மறந்ததுண்டா? ஜாதித் திமிருக்கும் ஆண் திமிருக்கும் நாணயக் குறைவுக்கும் 'குணம்' என்று பெயர் வைத்து உள்ளே விடுவது, திருடனுக்குக் காவி கட்டி ஊருக்குள் விடுவதுபோல் ஆகும். முன்கோபம் குணம், தீண்டாமை குணமல்ல. பேசாமை குணம், பிறரைப் பேசவிடாமை குணமல்ல. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்தான், ஒத்த குணமுள்ள ஐந்து பேரைத் தேடிக் கொண்டு அலைகிறவர். அவர் கடைசியில் தேடிப் பிடிக்கின்ற ஐந்து பேரும் ஒரே தெருக்காரர்களாகவும், ஐவரும் ஆண்பிள்ளைகளாகவும் இருப்பார்கள். வேண்டுமானால் எண்ணிப் பாருங்கள்.

அமெரிக்காவில் எட்மண்ட்சன் என்ற அம்மையார் ஆஸ்பத்திரித் தாதிமார் கூட்டங்களை ஆராய்ந்து 1996-ல் ஒன்று எழுதினார். நல்ல மேற்பார்வையும் ஒற்றுமையும் உள்ள கூட்டங்களில் மருந்துத் தவறுகள் அதிகமாய்ப் பதிவாகியிருந்தன. முதலில் அவருக்கே ஆச்சரியமாய்ப் போயிற்று. விசாரித்தால், நல்ல கூட்டத்தில் தவறைப் பயமில்லாமல் வெளியே சொன்னார்கள், கெட்ட கூட்டத்தில் மறைத்தார்கள். நமது கிளைகளில் தகராறே இல்லை, எல்லாம் சுமூகமாய் இருக்கின்றது என்று யாராவது எழுதினால், அங்கே ஒருவர் பேச மற்றவர்கள் தலையாட்டுகிறார்களா என்று போய்ப் பார்ப்பது நல்லது.

ஆதலால் இவ்விரு மாவட்டத் தோழர்களுக்கும் நாம் சொல்லுவது இவ்வளவுதான். அடுத்த கூட்டம் முதற்கொண்டு தலைமையை ஒருவரே வைத்துக் கொள்ளாமல், ஊர் ஊராய், முறை வைத்து மாற்றுங்கள். பேசாத தோழரிடம் கடைசியில் அபிப்பிராயம் கேட்காமல் முதலில் கேளுங்கள், ஏனெனில் பெரிய பேச்சுக்காரர் முடித்த பிறகு யாருக்கும் வாய் வருவதில்லை. வசூலித்தவர் கணக்கை வசூலிக்காத ஒருவர் கூட்டத்தில் படித்துக் காட்டட்டும். வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டேன் என்பது கணக்குக் காட்டியதாகாது. எதிர்த்துப் பேசுகிறவர் வரவில்லையென்றால் ஆள் அனுப்பிக் கூப்பிடுங்கள். டீ போடுவதும் நாற்காலி அடுக்குவதும் பெண் தோழர்கள் வேலை என்று எந்தத் தீர்மானத்திலும் இல்லை, ஆகையால் அதுவும் முறை வைத்தே நடக்கட்டும். கூட்டம் ஒரு மாதம் குடித்தெருவில் என்றால் மறுமாதம் காலனியில். அங்கே வராதவர் பெயரை நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்; காரணத்தை அவரே வந்து சொல்லட்டும்.